முற்றும் எச்சமும்: ஆங்கிலத் தொடர்ப் பிழைக்குத் தமிழ் இலக்கணம் காட்டும் வழி

மொழி, கருத்தைச் சுமந்து செல்லும் ஊர்தி என்பர். ஊர்தி ஓட்டக் கற்பவர் முதலில் அறிய வேண்டுவது அதை நிறுத்தும் முறையாகும். எழுதக் கற்பவர்க்கும் இது பொருந்தும். ஒரு கருத்தைத் தொடங்குதல் எளிது. அதனை உரிய இடத்தில் முடித்து, அடுத்த கருத்திற்கு வழிவிடுதல் பயிற்சியால் வருவது.

நம் மாணவர் எழுதும் ஆங்கிலத்தில் இந்த நிறுத்தம் தவறிப்போவதைப் பலகாலும் காண்கிறோம். ஒரு தொடர் முடிந்த இடத்தில் முற்றுப்புள்ளிக்கு மாறாகக் காற்புள்ளியை இட்டு அடுத்த தொடரைத் தொடங்கிவிடுகின்றனர். சிலர் அந்தக் காற்புள்ளியையும் இடுவதில்லை. முன்னதைக் 'காற்புள்ளிப் பிணைப்பு' என்றும், பின்னதை 'ஓட்டத்தொடர்' என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம்.

இவை விடைத்தாளில் மதிப்பெண்ணைக் குறைக்கின்றன என்பது யாவரும் அறிந்ததே. அதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞரின் மடல் இப்பிழைகளோடு செல்லுமாயின், அவருடைய துறையறிவு வெளிப்படும் முன்பே 'இவருக்கு ஆங்கிலம் தெரியாது' என்ற முடிவுக்குப் படிப்பவர் வந்துவிடுகிறார். தமிழ்வழியில் பயின்று, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த பிள்ளைகளே இதனால் பெரிதும் தாக்குறுகின்றனர்.

தமிழ்த்துறை மலரில் ஆங்கில இலக்கணத்திற்கு என்ன இடம் என்ற வினா எழலாம். இப்பிழையின் வேர் ஆங்கில அறியாமையில் மட்டும் இல்லை. தமிழ்த் தொடரமைப்பின் இயல்பிலும் இருக்கிறது. வேர் உள்ள இடத்திலேயே மருந்தும் உள்ளது. முற்று, எச்சம் என்று நாம் பள்ளியிலேயே பயின்ற இரு சொற்களைக் கொண்டு இப்பிழையைக் கண்டறியவும் திருத்தவும் இயலும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆங்கில எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறோம். அவற்றை வாய்விட்டுப் படித்தால் நிறுத்தம் எங்கே விழுகிறது என்பது செவிக்கும் புலப்படும்.

பிழை எது?

விடுப்பு விண்ணப்பம் எழுதாத மாணவர் இலர். அதிலிருந்தே தொடங்குவோம்.

'ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ கெனாட் அட்டெண்ட் த கிளாஸ், கைண்ட்லி கிராண்ட் மி லீவ்.'

காய்ச்சலால் வருந்துகிறேன் என்பது ஒரு தொடர். வகுப்பிற்கு வர இயலாது என்பது மற்றொரு தொடர். விடுப்பு அளியுங்கள் என்பது மூன்றாவது தொடர். ஒவ்வொன்றும் தனித்து நின்று பொருள் தரவல்லது. தனித்து நிற்கவல்ல இம்மூன்றையும் வெறுங் காற்புள்ளியால் கட்டியதே இங்குள்ள பிழை. அக்காற்புள்ளிகளையும் நீக்கிவிட்டால் இதுவே ஓட்டத்தொடர் ஆகிவிடும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். நீளமான தொடரே பிழையான தொடர் எனப் பலர் கருதுகின்றனர். நீளத்திற்கும் இப்பிழைக்கும் தொடர்பில்லை. முறையாக இணைக்கப்பட்டால் நூறு சொற்கள் கொண்ட தொடரும் பிழையற்றதே. 'ஹி கேம், ஐ லெஃப்ட்' என நான்கே சொற்கள் கொண்ட தொடரிலும் காற்புள்ளிப் பிணைப்பு உண்டு. எனவே நாம் காண வேண்டுவது தொடரின் நீளத்தை அன்று, அதன் மூட்டுவாய்களை.

நிறுத்தம் தவறினால் பொருள் திரிதல்

பொருள் விளங்கினால் போதாதா, புள்ளியில் என்ன இருக்கிறது என்று கேட்பாரும் உளர். பின்வரும் தொடரை நோக்குக.

'டூ நாட் ஸ்டாப் த மெடிசின் இஃப் த ஃபீவர் ரிடர்ன்ஸ் இன்ஃபார்ம் அஸ்.'

ஒரு நோயாளியின் கையில் இவ்வாறு எழுதிய சீட்டு கொடுக்கப்பட்டதாகக் கொள்வோம். 'மெடிசின்' என்ற சொல்லுக்குப் பின் நிறுத்தினால், 'மருந்தை நிறுத்த வேண்டாம். காய்ச்சல் மீண்டும் வந்தால் எங்களுக்குத் தெரிவியுங்கள்' என்பது பொருள். 'ரிடர்ன்ஸ்' என்ற சொல்லுக்குப் பின் நிறுத்தினாலோ, 'காய்ச்சல் மீண்டும் வந்தால் மருந்தை நிறுத்த வேண்டாம். எங்களுக்குத் தெரிவியுங்கள்' என்றாகிவிடும். அப்படியாயின், காய்ச்சல் வராவிட்டால் மருந்தை நிறுத்திவிடலாம் என்று நோயாளி எண்ண இடமாகிறது. நடுவில் நிற்கும் நிபந்தனை இடப்பக்கமும் சாயும், வலப்பக்கமும் சாயும். அதை ஒரு பக்கம் நிலைநிறுத்துவது புள்ளி ஒன்றே.

இதனையே தமிழில் எழுதிப் பார்ப்போம். 'மருந்தை நிறுத்த வேண்டாம் காய்ச்சல் மீண்டும் வந்தால் தெரிவியுங்கள்.' புள்ளி எதுவும் இல்லை. ஆயினும் எவரும் இயல்பாகத் தவறாகப் படிப்பதில்லை. காரணம் எளிது. தமிழில் 'வந்தால்' என்னும் எச்சம் தனக்குப் பின்னே வரும் வினையை நாடிச் செல்லும் இயல்புடையது. ஆங்கிலத்தில் அத்தகைய சார்புத்தொடர் முதன்மைத்தொடருக்கு முன்னும் வரலாம், பின்னும் வரலாம். ஆதலின் தமிழைக் காட்டிலும் ஆங்கிலத்திற்குப் புள்ளியின் துணை மிகுதியாகத் தேவைப்படுகிறது.

ஆங்கிலேயர் சட்ட வரலாற்றில் இதற்குத் துயரமான சான்று ஒன்று உண்டு. அயர்லாந்து விடுதலைக்காக உழைத்த ரோஜர் கேஸ்மென்ட் மீது 1916ஆம் ஆண்டில் இராசத்துரோக வழக்குத் தொடரப்பட்டது. அவர் மீது சாட்டப்பட்ட செயல்கள் செருமனியில் நிகழ்ந்தவை. வழக்கிற்கு அடிப்படையாக அமைந்ததோ 1351ஆம் ஆண்டுச் சட்டம். அது பழைய நார்மன் பிரெஞ்சு மொழியில், நிறுத்தற்குறிகள் இன்றி எழுதப்பட்டது. அதில் வரும் 'அல்லது பிற இடத்தில்' என்னும் சிறுதொடர் எதனோடு இயைவது என்பதே வாதத்தின் மையமாயிற்று. நாட்டிற்குள் நின்று பகைவரைச் சார்ந்தால்தான் குற்றம் என்று அவர் தரப்பினர் வாதிட்டனர். நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. 1916 ஆகஸ்ட் 3ஆம் நாள் இலண்டனின் பென்டன்வில் சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். காற்புள்ளியால் தூக்கிலேறியவர் என்று அவரைக் குறிக்கும் வழக்கு இதனால் எழுந்தது.

நிறுத்தத்தின் அருமை நம்மில் பலருக்குப் புதிதன்று. திருக்குர்ஆனை ஓதக் கற்ற சிறுவரும் வக்ஃபு அடையாளங்களை அறிவர். வசனத்தின் மேல் 'மீம்' என்னும் எழுத்து நின்றால் அங்கே நிறுத்தியே ஆக வேண்டும். 'லாம் அலிஃப்' நின்றால் நிறுத்தலாகாது. 'ஜீம்' நின்றால் நிறுத்தவும் தொடரவும் இசைவு உண்டு. நிறுத்தம் மாறினால் பொருள் மாறிவிடும் என்ற அச்சத்தினாலேயே முன்னோர் இவ்வளவு நுட்பமாக அடையாளமிட்டனர். ஓதும்போது காட்டும் இக்கவனத்தை எழுதும்போதும் காட்டினால் போதும்.

புள்ளிகளின் எடை

தமிழில் நிறுத்தற்குறிகளுக்கு அமைந்த பெயர்களே ஒரு பாடம் ஆகும். காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்பன கால், அரை, முக்கால், முழுமை என்னும் அளவு வரிசையில் நிற்கின்றன. ஆங்கிலத்தில் இக்குறிகளின் பெயர்கள் இத்தகைய அளவைக் காட்டுவதில்லை. எனினும் அங்கும் இவ்வகை எண்ணம் இருந்தது. 1762இல் ஆங்கில இலக்கண நூல் வெளியிட்ட இராபர்ட் லௌத் என்பார், காற்புள்ளியினும் அரைப்புள்ளி இருமடங்கும், அதனினும் முக்காற்புள்ளி இருமடங்கும், அதனினும் முற்றுப்புள்ளி இருமடங்கும் நிறுத்தம் உடையன என்று அளவு கூறினார். 1795இல் வெளிவந்து நெடுங்காலம் பாடநூலாக விளங்கிய லிண்ட்லி மர்ரேயின் இலக்கணமும் இதனையே பின்பற்றியது.

இவற்றுள் அரைப்புள்ளி அச்சுக்கலையின் கொடை. 1490களில் வெனிஸ் நகரத்து அச்சாளர் ஆல்டஸ் மனூட்டியஸ் வெளியிட்ட நூல்களில் அது இன்றைய வடிவில் தோன்றிற்று. காற்புள்ளி மிக மெலிதாகவும் முற்றுப்புள்ளி மிக வன்மையாகவும் தோன்றும் இடத்திற்கென ஆக்கப்பட்ட குறி அது. கால்பங்கு எடை தாங்கும் கயிற்றில் முழுச்சுமையைக் கட்டினால் கயிறு அறுந்துபோகும். காற்புள்ளிப் பிணைப்பில் நிகழ்வதும் அதுவே.

பிழையின் வேர்

இனி, இப்பிழை நம் மாணவரிடம் ஏன் மிகுதியாகத் தோன்றுகிறது என்பதைக் காண்போம்.

'சலீம் கடைக்குச் சென்று அரிசி வாங்கி வீட்டிற்கு வந்தான்.'

செயல்கள் மூன்று. ஆயினும் வினைமுற்று ஒன்றே. 'சென்று', 'வாங்கி' என்பன வினையெச்சங்கள். அவை முடியாமல் நின்று 'வந்தான்' என்பதை நோக்கி நம்மை அழைத்துச் செல்கின்றன. இணைப்புச்சொல் ஒன்றுகூட இல்லை. எச்ச விகுதியே இணைப்பு வேலையைச் செய்துவிடுகிறது. வினையெச்சங்கள் பல அடுக்கி வரினும், இறுதியில் நிற்பது தனக்குரிய வினையைக் கொண்டு முடிய, முன்னுள்ளவற்றின் பொருளும் முடிந்துவிடும் என்பது தொல்காப்பியர் வினையியலில் கூறும் விதி. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல்லும் எச்சங்களைக் கொண்டு தொடரைக் கட்டும் இவ்வியல்பை நன்கு உணர்ந்தவரே.

இதனையே ஆங்கிலத்தில் எழுத முற்படும் மாணவர் என்ன செய்கிறார்? 'சென்று' என்பதற்கு 'வென்ட்' என்றும், 'வாங்கி' என்பதற்கு 'பாட்' என்றும், 'வந்தான்' என்பதற்கு 'கேம்' என்றும் எழுதுகிறார். ஒவ்வொன்றின் முன்னும் 'ஹி' என்ற எழுவாயையும் சேர்க்கிறார்.

'சலீம் வென்ட் டு த ஷாப், ஹி பாட் ரைஸ், ஹி கேம் ஹோம்.'

அவர் உள்ளத்தில் இருப்பது ஒரே தொடர். ஆகவே நடுவில் முற்றுப்புள்ளி இட அவருக்கு மனம் வருவதில்லை, காற்புள்ளி இடுகிறார். ஆனால் தாளில் இருப்பனவோ மூன்று தொடர்கள். தமிழில் எச்சமாக இருந்த இரண்டும் ஆங்கிலத்திற்குச் சென்றபோது முற்றாக மாறிவிட்டன என்பதை அவர் கவனிக்கவில்லை. பிழையின் வேர் இதுதான். இதனை அறிவுக்குறை என்று பழித்தல் தகாது. தாய்மொழியில் செவ்வையாகச் சிந்திப்பவர், ஒரு மொழியின் மூட்டு முறையை மறுமொழிக்குக் கொண்டு செல்லும்போது நேரும் இடறல் இது.

இவ்விடத்தில் 'அண்ட்' என்னும் சிறுசொல் போதும். 'சலீம் வென்ட் டு த ஷாப், பாட் ரைஸ் அண்ட் கேம் ஹோம்' என்று எழுதினால் எழுவாய் ஒன்றாகவும் பயனிலை மூன்றாகவும் அமைந்து தொடர் செம்மையுறும்.

எண்ணிப் பார்க்கும் முறை

பிழையைக் கண்டறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு பெரிய எழுத்தில் தொடங்கி முற்றுப்புள்ளி வரை உள்ள பகுதியை எடுத்துக்கொள்க. அதில் எழுவாயும் வினைமுற்றும் சேர்ந்த இணைகள் எத்தனை என எண்ணுக. பின்னர் அவற்றைக் கட்டும் இணைப்புகள் எத்தனை என எண்ணுக. இணைப்புச்சொல், சார்புச்சொல், அரைப்புள்ளி ஆகியவை இணைப்புகளாகும். காற்புள்ளி இக்கணக்கில் சேராது. இணைகளின் எண்ணிக்கையைவிட இணைப்புகள் ஒன்று குறைந்திருக்க வேண்டும். இரண்டு இணைகளுக்கு ஓர் இணைப்பு. மூன்று இணைகளுக்கு இரண்டு இணைப்புகள். இரண்டு பலகைகளை ஒட்ட ஒரு மூட்டும், மூன்று பலகைகளை ஒட்ட இரண்டு மூட்டுகளும் தேவைப்படுவது போன்றது இது.

நம் விடுப்பு விண்ணப்பத்தை இக்கணக்கில் இடுவோம். இணைகள் மூன்று. ஏவல்வினையில் எழுவாய் மறைந்து நிற்கும். ஆதலின் 'கைண்ட்லி கிராண்ட்' என்பதும் ஓர் இணையே. இணைப்புகளோ ஒன்றும் இல்லை. எனவே தொடர் பிழையானது. அதனை,

'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ கெனாட் அட்டெண்ட் த கிளாஸ். கைண்ட்லி கிராண்ட் மி லீவ்.'

என்று திருத்தலாம். முதல் தொடரில் இணைகள் இரண்டு. 'ஆஸ்' என்ற இணைப்பு ஒன்று. இரண்டாம் தொடரில் இணை ஒன்று, இணைப்புத் தேவையில்லை. கணக்குச் சரியாகிவிட்டது.

இக்கணக்கு மிகையையும் காட்டிக்கொடுக்கும். 'ஆல்தோ ஹி வாஸ் ஸிக், பட் ஹி கேம்' என எழுதுவோர் பலர். இணைகள் இரண்டு, இணைப்புகளும் இரண்டு. ஒன்று மிகை. 'ஆல்தோ', 'பட்' ஆகிய இரண்டனுள் ஒன்றை நீக்கிவிட வேண்டும். 'ஆஸ்' என்று தொடங்கி நடுவில் 'ஸோ' சேர்ப்பதும் இவ்வகைப் பிழையே.

இரண்டு எச்சரிக்கைகள் உள. ஒன்று, 'ஐ நோ ஹி இஸ் ஹானஸ்ட்' போன்ற தொடர்களில் 'தட்' என்னும் இணைப்பு மறைந்து நிற்கும். வேற்றுமைத்தொகையில் உருபு மறைந்து நிற்பதைக் கற்ற நமக்கு இது புதுமையன்று. மறைந்ததையும் எண்ணிக்கொள்ள வேண்டும். மற்றொன்று, தமிழில் 'அவன் மாணவன்' என வினையின்றியே தொடர் முடியும். ஆங்கிலத்தில் 'இஸ்' என்னும் வினை அங்கே இருந்தே தீரும். 'இட்ஸ்', 'ஹிஸ்' எனச் சுருங்கி ஒலிக்கும்போது அந்த வினை கண்ணுக்குத் தப்பிவிடும்.

திருத்தும் வழிகள்

'இட் ரெயின்ட் ஹெவிலி, த ஸ்கூல் வாஸ் க்ளோஸ்ட்' என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். மழை கடுமையாகப் பெய்தது, பள்ளி மூடப்பட்டது என்பது கருத்து. இதனைத் திருத்த வழிகள் பல உள. அவை ஒன்றுபோலத் தோன்றினும் ஒவ்வொன்றும் தனித்தனிச் சாயலைத் தருவன.

முதல்வழி, முற்றுப்புள்ளி இட்டு இரண்டு தொடர்களாகப் பிரித்தல். ஐயம் ஏற்படும் இடத்தில் இதுவே பாதுகாப்பானது. ஆனால் எல்லா இடத்திலும் இதனையே கையாண்டால் நடை துண்டு துண்டாகிவிடும்.

இரண்டாம் வழி, காற்புள்ளி இருந்த இடத்தில் அரைப்புள்ளி இடுதல். இரண்டு செய்திகளும் நெருங்கிய உறவுடையன என்று இது குறிப்பால் உணர்த்தும். என்ன உறவு என்பதைப் படிப்பவரே உய்த்துணர வேண்டும்.

மூன்றாம் வழி, காற்புள்ளியுடன் இணைப்புச்சொல் ஒன்றைச் சேர்த்தல். ஆங்கிலத்தில் இப்பணிக்கு உரியனவாக ஏழு சொற்களைச் சொல்வர். அவை ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ என்பன. 'இட் ரெயின்ட் ஹெவிலி, ஸோ த ஸ்கூல் வாஸ் க்ளோஸ்ட்' என்றால் காரணமும் விளைவும் வெளிப்படையாகின்றன.

நான்காம் வழி, ஒன்றைச் சார்புத்தொடர் ஆக்குதல். 'பிகாஸ் இட் ரெயின்ட் ஹெவிலி, த ஸ்கூல் வாஸ் க்ளோஸ்ட்' என எழுதும்போது மழை பின்னே தள்ளப்பட்டுப் பள்ளி மூடப்பட்ட செய்தி முதன்மை பெறுகிறது. தமிழில் 'பெய்தது' என்ற முற்றைப் 'பெய்ததால்' என மாற்றுவதற்கு இது நிகர். இம்முறையைக் கற்றவர் அடுத்து வரும் குழியிலும் விழலாகாது. 'பிகாஸ் இட் ரெயின்ட் ஹெவிலி' என்பதற்கு அப்பாலேயே முற்றுப்புள்ளி இட்டால், முற்றைக் காணாத எச்சம் போல அது அந்தரத்தில் நிற்கும்.

ஐந்தாம் வழி, ஒரு முற்றை உண்மையாகவே எச்சமாக்கிவிடுதல். 'ஐ பாட் எ புக், இட் வாஸ் காஸ்ட்லி' என்பதை 'த புக் விச் ஐ பாட் வாஸ் காஸ்ட்லி' என்று ஆக்கலாம். 'நான் வாங்கிய நூல் விலை மிக்கது' என்ற தமிழ்த்தொடரில் 'வாங்கிய' என்னும் பெயரெச்சம் செய்யும் பணியை ஆங்கிலத்தில் 'விச்' செய்கிறது. அவ்வாறே 'சலீம் ஃபினிஷ்ட் ஹிஸ் வொர்க், ஹி வென்ட் ஹோம்' என்பதை 'ஹேவிங் ஃபினிஷ்ட் ஹிஸ் வொர்க், சலீம் வென்ட் ஹோம்' என்று எழுதினால் அது நம் 'முடித்து' என்னும் வினையெச்சத்தின் உடன்பிறப்பாகும்.

இவ்வழியில் கருத வேண்டிய நுட்பம் ஒன்றைத் தொல்காப்பியமே நமக்குத் தருகிறது. செய்து, செய்யூ, செய்பு முதலாக வினையெச்ச வாய்பாடுகள் ஒன்பது கூறும் தொல்காப்பியர், அவற்றுள் முதல் மூன்றும் தம் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்கிறார். அதாவது எச்சத்தின் எழுவாயும் முற்றின் எழுவாயும் ஒன்றாக இருத்தல் வேண்டும். ஆங்கில எச்சத்திற்கும் இதுவே விதி. 'வாக்கிங் டு காலேஜ், த ரெயின் பிகேன்' என்று எழுதுவது பிழை. ஏன் பிழை என்று விளங்காதவர் அதனைத் தமிழில் சொல்லிப் பார்க்கட்டும். 'கல்லூரிக்கு நடந்து மழை தொடங்கியது' என்று வரும். நடந்தது மழையா என்று செவியே கேட்டுவிடும். 'நான் கல்லூரிக்கு நடக்கையில் மழை தொடங்கியது' என்று தமிழில் திருத்துவது போல, ஆங்கிலத்தில் 'ஆஸ் ஐ வாஸ் வாக்கிங் டு காலேஜ், த ரெயின் பிகேன்' என்று திருத்துதல் வேண்டும்.

ஏமாற்றும் சொற்கள்

நன்கு பயின்றவரும் தவறும் இடம் ஒன்று உண்டு. 'ஹி ஸ்டடீட் ஹார்ட், ஹவெவர் ஹி ஃபெயில்ட்' என்ற தொடரில் 'ஹவெவர்' இருக்கிறதே, அது இணைப்பு ஆகாதா என்பர். 'பட்', 'ஹவெவர்' ஆகிய இரண்டிற்கும் 'ஆனால்' என்றே நாம் பொருள் கொள்வதால் வந்த மயக்கம் இது. 'பட்' இணைப்புச்சொல். 'ஹவெவர்' வினையடை போன்றது. அது கருத்தை இணைக்கும், தொடரை இணைக்காது. 'தேர்ஃபோர்', 'மோரோவர்', 'நெவர்த்லெஸ்', 'தென்' ஆகியனவும் இவ்வினத்தவை.

இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. இடம் பெயர்த்துப் பார்க்க வேண்டும். 'ஹி, ஹவெவர், ஃபெயில்ட்' என்று நடுவில் வைத்தாலும் தொடர் நிற்கும். 'பட்' என்பதை அவ்வாறு பெயர்க்க முடியாது. இடம் பெயரும் சொல் மூட்டாகாது. ஆகவே 'ஹவெவர்' வரும் இடத்தில் முன்னே அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ இடுதல் வேண்டும்.

விதியும் விலக்கும்

இவ்விதி என்றும் இவ்வளவு இறுக்கமாக இருந்ததன்று. 18ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல்களில் காற்புள்ளியால் தொடுத்த தொடர்கள் பரவலாக உண்டு. வில்லியம் ஸ்ட்ரங்க் 1918இல் ஆக்கி, பின்னர் ஈ. பி. ஒயிட் திருத்தி 1959இல் வெளிவந்த நடைக் கையேடு தனித்தொடர்களைக் காற்புள்ளியால் இணைக்கலாகாது என்று விதிக்கிறது. ஆயினும் தொடர்கள் மிகக் குறுகியனவாய் ஒரே வடிவில் அமைந்தால் காற்புள்ளி ஏற்புடையது என்று அந்நூலே விலக்கும் அளிக்கிறது. 'வந்தேன், கண்டேன், வென்றேன்' எனச் சீசர் கூறியதாக வழங்கும் கூற்று இவ்விலக்கிற்கு உரியது. சார்லஸ் டிக்கன்சு 1859இல் வெளியிட்ட இரு நகரங்களின் கதை என்னும் புதினத்தின் முதல் வாக்கியம், பத்திற்கும் மேற்பட்ட தொடர்களைக் காற்புள்ளியால் அடுக்கிச் செல்கிறது. ஒரே அச்சில் வார்த்த அத்தொடர்களின் ஓசை ஒழுங்கே அங்கு மூட்டாக நிற்கிறது.

நம் செய்யுளிலும் இத்தகைய இசைவு உண்டு. 'உண்டனன் சென்றான்' என்னுமிடத்து 'உண்டனன்' என்பது வடிவில் முற்று. பொருளில் 'உண்டு' என்னும் எச்சம். இதனை முற்றெச்சம் என்பர் இலக்கணத்தார். முற்று இன்னது, எச்சம் இன்னது என்று தெளிந்த பின்னரே புலவர் முற்றை எச்சமாக ஆண்டனர். விதியை அறிந்தவர் மீறுவதற்கும் அறியாதவர் மீறுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. தேர்வு எழுதும் மாணவரும் விண்ணப்பம் எழுதும் இளைஞரும் விதியின் பக்கம் நிற்பதே நன்று.

நம் தமிழ் எழுத்தில்

ஓலைச்சுவடிக் காலத்தில் தமிழுக்கு இத்தகைய நிறுத்தற்குறிகள் இல்லை. இல்லாமலும் பொருள் கெடாது நின்றமைக்குக் காரணம், வினைமுற்றின் விகுதியே முற்றுப்புள்ளியின் பணியைப் பெரும்பாலும் செய்துவந்தமைதான். அச்சு வந்த பின்னர் ஐரோப்பியர் வழியே குறிகள் தமிழில் கால்கொண்டன. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் தம் உரைநடை நூல்களிலும் பதிப்புகளிலும் அவற்றை ஒழுங்குற ஆண்டு வழிகாட்டினார்.

ஒரே எழுவாய் பல முற்றுகளைக் கொண்டு வரும்போது இடையே அரைப்புள்ளி இடுக என்று நம் பள்ளித் தமிழ்ப் பாடமே கற்பிக்கிறது. 'சலீம் கடைக்குச் சென்றான்; அரிசி வாங்கினான்; வீடு திரும்பினான்' என்று எழுதுவதே முறை. இன்றோ, 'விருந்தினர் வந்தனர், விழா தொடங்கியது, தலைவர் உரையாற்றினார்' எனக் காற்புள்ளியால் கோக்கும் வழக்கம் தமிழிலும் மிகுந்துவிட்டது. கைபேசியில் குறிகளே இன்றிச் செய்தி அனுப்பும் பழக்கம் இதனை மேலும் வளர்க்கிறது. தமிழில் அரைப்புள்ளியை மறந்த கை, ஆங்கிலத்தில் மட்டும் அதனை நினைவுகூரும் என்று எதிர்பார்த்தல் பொருந்தாது.

நிறைவாக

மாணவர்க்கு நாம் கூறுவது இது. எழுதி முடித்ததும் தாளை உடனே கொடுத்துவிடாது ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். ஒவ்வொரு காற்புள்ளியின் முன்னும் சற்று நின்று, 'இங்கே முற்று வந்துவிட்டதா?' என்று கேளுங்கள். வந்துவிட்டதெனின், அதன் பின் தொடங்குவதும் முற்றுடைய தனித்தொடரா என்று பாருங்கள். இரண்டிற்கும் ஆம் என்பது விடையாயின், அங்கே இணைப்புச்சொல்லோ பெரிய புள்ளியோ வேண்டும். ஒரு பக்கத்தைச் சோதிக்கச் சில நிமிடங்களே ஆகும்.

ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள். பிழையைச் சிவப்பு மையால் வட்டமிடுவதோடு நில்லாமல், அம்மாணவர் தமிழில் எச்சமாக எண்ணியது எது, ஆங்கிலத்தில் முற்றாகிப் போனது எது என்று சுட்டிக்காட்டினால் அவர் அப்பிழையை எளிதில் மறவார். ஆங்கிலத்துறையும் தமிழ்த்துறையும் ஒருங்கே அமர்ந்து கற்பிக்க வேண்டிய பாடம் இது.

பிள்ளைகளின் ஆங்கிலம் பற்றிக் கவலையுறும் பெரியோர்கள், தாய்மொழியைக் கைவிட்டால்தான் அயல்மொழி வரும் என்று எண்ண வேண்டுவதில்லை. ஆங்கிலத் தொடரின் மூட்டுகளைத் திறக்கும் திறவுகோல் வினையியலிலும் கிடக்கிறது. முற்றையும் எச்சத்தையும் பிரித்தறியத் தெரிந்த மாணவர், எந்த மொழியில் எழுதினும் எங்கே நிறுத்துவது என்று தடுமாற மாட்டார்.